ஆயில் போல்ட்டுக்குக் காதணி விழா

மொத்தம் நூறு நிமிடம். ட்ராக் டே என்று ஒரு நாளுக்குப் பணம் கட்டினால் கிடைப்பது அவ்வளவுதான். இருபது இருபது நிமிடமாக ஐந்து தடவை உள்ளே விடுவார்கள். இந்த நூறு நிமிடத்துக்காக எங்கள் சிக்கன நாணயச் சங்கத்தின் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது பதினேழு மணி நேரம் நாற்பது நிமிடம். பெஞ்சின் இடது கால் கொஞ்சம் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது சங்கத்தின் துணைவிதிப் புத்தகம். விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமானால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

ட்ராக் டே என்பது போட்டியல்ல. கோயம்புத்தூரில் பந்தயங்களுக்காகப் போட்ட வளைவுச் சாலை ஒன்று இருக்கிறது. பந்தயம் இல்லாத சில ஞாயிறுகளில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். பரிசு கிடையாது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்று யாரும் கிடையாது. ஆடு குறுக்கே வராது.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியல் ஆய்வாளர். உப்பு, உரம், நிலக்கரி, கப்பலில் எது ஏறினாலும் இறங்கினாலும் அதில் ஒரு கரண்டி என் மேஜைக்கு வரும். எவ்வளவு ஈரம், எவ்வளவு மண் என்று பார்த்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போகிறது.

வண்டியும் அப்படித்தான். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் யாரும் என்னோடு பேசுவதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய முந்நூறு சிசி வண்டி. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முப்பதுக்கு மேல் போகாது. ஒருநாள் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் முத்துமணி அண்ணன் எஞ்சினில் காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாவம் தங்கச்சி இது. ஒரு நாளாவது ட்ராக்ல விட்டுப் பாரு. எதுக்க ஒரு பய வரமாட்டான்."

எதிரே யாரும் வராத ஒரு சாலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

பிப்ரவரி பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் இருந்தது. பட்ஜெட் போட்டேன். ட்ராக் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு. பாதுகாப்புத் தோல் உடை வாடகை மூவாயிரம். மூன்று பேருடைய வண்டிகளைச் சேர்த்து ஏற்றிப்போகும் குட்டியானையில் என் பங்கு ஐயாயிரத்து ஐந்நூறு. பிரேக் பேடு, ஆயில், பெட்ரோல், விளக்கில் ஒட்ட டேப், சில்லறை வேலைகள் நாலாயிரத்து இருநூறு. தங்க, சாப்பிட ஆயிரத்து எண்ணூறு. கடைசியாக, "விழுந்தால்" என்று ஒரு வரி போட்டு இரண்டாயிரம். கூட்டினால் இருபத்து நாலாயிரம் வந்தது.

சங்கத்தில் மூன்று வருடமாக என் சம்பளத்தில் பிடித்து அறுபத்தோராயிரம் சேர்ந்திருந்தது. அது என் பணம். கேட்டால் தருவார்கள் என்று நினைத்தேன். எம்.எஸ்ஸி. படித்திருந்தாலும் சில விஷயங்கள் தெரிவதில்லை.

"நீ நம்ம சீட்டயே எடுத்துக்கிடேம்ளா," என்றாள் டெல்பின் அக்கா. பக்கத்து மேஜையில் சாம்பிள்களைச் சலித்துத் தருகிறவள். இருபது பெண்களைச் சேர்த்து, மாதம் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு என்று ஒரு சீட்டு நடத்துகிறாள். அதற்குப் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது, பெஞ்சு கிடையாது.

"வேண்டாம்க்கா. சங்கத்துல இருக்கே. என் பணந்தான."

டெல்பின் அக்கா சல்லடையை ஒரு ஆட்டு ஆட்டினாள். "சரி பிள்ள. கேட்டுப் பாரு. நான் இங்கனதான் இருப்பேன்."

சங்கத்தின் முழுப்பெயர் முத்துமாநகர் சரக்குப் பரிசோதனை ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். அதன் சின்னம் வாய் திறந்த சிப்பி. உள்ளே முத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம். நிர்வாகக் குழு சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கூடும். மேஜையில் தேநீரும் முந்திரி மக்ரூனும் இருக்கும். மக்ரூன் சங்கச் செலவு.

முதல் சனிக்கிழமை, செயலாளர் இசக்கியப்பன் அண்ணாச்சி என் விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"என்னளா இது, ட்ராக் டே? கல்யாணமா?"

"இல்ல அண்ணாச்சி."

"சடங்கா?"

"இல்ல."

குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல யாரும் தவறிட்டாவளா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணாச்சி."

"அப்பம் எதுக்கு ரூவா?"

பொழுதுபோக்கு என்று சொன்னேன். அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "பொழுது அதும்பாட்டுக்குப் போவும்ளா. அதுக்கு எதுக்கு இருவத்து நாலாயிரம்?"

எல்லோரும் எழுந்து நின்றோம். துணைவிதிப் புத்தகம் வெளியே வந்தது. விதி பதினான்கின்படி உறுப்பினர் தன் சேமிப்பிலிருந்து ஐந்து காரணங்களுக்கு முன்பணம் பெறலாம்: திருமணம், பூப்புனித நீராட்டு, காதணி விழா, புதுமனை புகுவிழா, ஈமச்சடங்கு. இந்த ஐந்துக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் செலவு செய்வார் என்பதைச் சங்கம் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இதுல ஒண்ணச் சொல்லு. ஒடனே தாரேன்," என்றார் அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே எனக்கு உதவத்தான் நினைத்தார். "ஒன் கல்யாணத்துக்குன்னு கேளேன். மாப்பிள்ள பெறவு பாத்துக்கிடலாம்."

அடுத்த சனிக்கிழமை தலைவர் வந்திருந்தார். தலைவர் ஆதிநாதன் சார் எங்கள் கூடத்தின் மூத்த கண்காணிப்பாளர். ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். தனியாகப் பார்த்தால் சாதாரணமாகப் பேசுவார். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் மேடையில் நிற்பதாக நினைத்துக்கொள்வார். அன்று நாங்கள் நாலு பேர்.

"அம்மா செல்வி! கொற்கையிலே ஒரு காலத்திலே கடல் இருந்தது. கப்பல் வந்தது. முத்து வந்தது. இன்றைக்குப் போய்ப் பார். நெல்லும் வாழையும் நிற்கிறது. கடல் எங்கே? விலகிவிட்டது! ஏன் விலகியது? அன்றைக்கு அங்கே ஒரு சிக்கனச் சங்கம் இல்லை!"

பொருளாளர் கிளைட்டன் சார் கை தட்டினார். கை தட்டியதில் மக்ரூன் உடைந்தது.

"முத்துக் குளிப்பவன் மூச்சை அடக்கினான். நீ இரண்டு வாரம் ஆசையை அடக்கக் கூடாதா?"

"பணம் என்னுதுதான் சார்," என்றேன். பாதி வெளியே வரவில்லை.

"அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறோம். எங்கள் பணமாக இருந்தால் எப்போதோ கொடுத்திருப்போம்."

பிறகு பட்ஜெட்டை வரி வரியாக எடுத்துக்கொண்டார்கள். கிளைட்டன் சார் கடைசி வரியிலிருந்து தொடங்கினார். தணிக்கையில் மாட்டுவது எப்போதும் கடைசி வரிதான் என்பது அவர் அனுபவம்.

"விழுந்தால் ரெண்டாயிரம். சரி. விழலன்னா?"

"மிச்சம் சார்."

"மிச்சம்னு ஒண்ணு கெடையாது, பாத்துக்க. வாங்குன காரணத்துக்குத்தான் செலவு பண்ணணும். ரெண்டாயிரம் வாங்குனா ரெண்டாயிரத்துக்கு விழணும்."

"கூடுதலா விழுந்துட்டா?" என்று கேட்டார் இசக்கியப்பன் அண்ணாச்சி.

"அது அவ சொந்தப் பொறுப்பு. எப்படியும் விழுந்ததுக்கு ரசீது வேணும். ரசீது இல்லாம விழப்பிடாது."

நான் தலையாட்டினேன். எனக்கு அதுதான் எளிது.

அடுத்து சில்லறை வேலைகள். அதில் "போல்ட் துளை, கம்பி, முந்நூற்றைம்பது" என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி அதில் விரலை வைத்தார். "இது என்ன தொள?"

விளக்கினேன். "எஞ்சினுக்கு அடியில ஆயில் வடிக்குறதுக்கு ஒரு போல்ட் இருக்கு அண்ணாச்சி. வேகத்துல அது கழண்டுச்சுன்னா ட்ராக்ல ஆயில் சிந்தி, பின்னால வாரவங்க வழுக்கிருவாங்க. அதனால போல்ட்டுத் தலையில சின்னதா ஒரு துள போட்டு, கம்பிய உள்ள விட்டு, முறுக்கிக் கட்டிரணும். இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க."

அந்த அலுவலகத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அண்ணாச்சி மெதுவாக எழுந்தார்.

"தொள போட்டு..."

"ஆமா அண்ணாச்சி."

"கம்பிய மாட்டி..."

"ஆமா."

"முறுக்கி விடுதிய."

"ஆமா."

"தலைவரே!" என்றார். கண் பளபளத்தது. "இது காதுகுத்துல்லா!"

எல்லோரும் எழுந்து நின்றோம். காதணி விழாவுக்கு உச்சவரம்பு இருபத்தைந்தாயிரம். யாருக்குக் குத்துவது என்ற இடத்தில் "உறுப்பினரின் பராமரிப்பில் உள்ளவருக்கு" என்றுதான் இருந்தது. குழந்தை என்றோ மனிதர் என்றோ எந்த நிபந்தனையும் இல்லை. வண்டி என் பராமரிப்பில் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் போடுவதாகச் சொன்னேன். போதும் என்றார்.

இதில் ஏதோ தவறு இருப்பதாகச் சொல்ல வாயைத் திறந்தேன். இருபத்து நாலாயிரம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

காதணி விழாவுக்கு இணைக்க வேண்டியவை: அழைப்பிதழ், வயதுச் சான்று, தாய்மாமன் ஒப்புதல், தாய்மாமன் மடியில் வைத்து எடுத்த புகைப்படம்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை அழைப்பிதழ் வாசகத்தை முடிவு செய்தோம். பெயர் என்ற இடத்தில் பதிவெண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்று தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார். முன்னால் செல்வன் போடுவதா செல்வி போடுவதா என்பதில் நாற்பது நிமிடம் போனது.

"வண்டி ஆணா பொண்ணாளா?"

"தெரியல அண்ணாச்சி."

"ஒன் வண்டிதான? ஒனக்குத் தெரியாட்டா யாருக்குத் தெரியும்?"

கடைசியில் "குழந்தை" என்று பொதுவாகப் போட்டார்கள். குழந்தை டி.என். 69. அடுத்து வயது.

"மாடல் என்ன?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது."

அண்ணாச்சி விரல் மடக்கினார். "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்கு. ஒத்தப்பட வயசுலதான் காது குத்தணும். அஞ்சுன்னே போட்டுக்கிடுவோம். ஆர்.சி. புத்தகத்தக் காட்டாத."

இடம்: கோயம்புத்தூர் பந்தயச் சாலை, மூன்றாவது வளைவு அருகில். தேதி: பிப்ரவரி பதினாறு. கீழே, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று என் பெயர். அதற்கும் கீழே, என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் சங்க நிர்வாகிகளின் பெயர்கள். மொய் வந்தால் அதைச் சங்க வருமானத்தில் சேர்ப்பதா என்று கிளைட்டன் சார் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்.

தாய்மாமனுக்கு எங்கே போவது? முத்துமணி அண்ணன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் இதுக்கு மாமனா?"

"கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்ண்ணே."

"அதெப்படி? மாமன்னா சீர் செய்யாண்டாமா?" வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். அதுவரை அதை அவர் அப்படிப் பார்த்ததில்லை. "எம் பெஞ்சாதி கேட்டா சிரிப்பா. சிரிச்சாச் சிரிக்கட்டும். கம்பி மாட்டும்போது சொல்லு, நல்ல நேரம் பாத்துக்கிடுவோம்."

மறுநாள் ஒரு தாம்பாளத்தில் தேங்காய், பழம், ஒரு டப்பா செயின் ஸ்ப்ரே வைத்து லேப் வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டெல்பின் அக்கா பழத்தை எடுத்துக்கொண்டாள்.

புகைப்படத்தில் சிக்கல் வந்தது. வண்டியின் எடை நூற்று அறுபத்தைந்து கிலோ. மடியில் வைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். எடைச் சான்று கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு வார ஆலோசனைக்குப் பிறகு, குத்தப்படும் உறுப்பை மட்டும் மடியில் வைத்தால் போதும் என்று முடிவானது. முத்துமணி அண்ணன் வேட்டி கட்டி, போல்ட்டை மடியில் ஒரு துண்டு மேல் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார். போல்ட் படத்தில் தெரியவில்லை. அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

"துளை மட்டும் இப்பப் போட்டுராத," என்று அண்ணாச்சி எச்சரித்தார். "மகாசபையில கேப்பாவ. விதி பதினாலு, உட்பிரிவு மூணு. முடிஞ்ச விழாவுக்கு முன்பணம் கெடையாது. கேட்டா மூணு வருசத்துக்கு எந்த முன்பணமும் கெடையாது. கையில ரூவா வாங்கிட்டுத்தான் குத்தணும், என்ன?"

பிப்ரவரி முதல் தேதி எல்லாம் தயார். தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அது அடுத்த சனிக்கிழமை, எட்டாம் தேதி. ட்ராக் கட்டணம் கட்டக் கடைசி நாள் ஒன்பது. ஒரு நாள் மிச்சம் இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டாம் தேதி சங்கம் பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள். "சிக்கனம் குறித்து நேரில் ஆராயும் பொருட்டு நிர்வாகக் குழுவினர் குடும்பத்துடன் மூணாறு சென்றுள்ளனர். நான்கு நாட்கள் அலுவலகம் இயங்காது. உறுப்பினர்கள் பொறுமையையும் சேமிக்கவும்."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஏளா, குளிரு தாங்கல. ஒனக்கென்ன, அங்கன வெயில்ல சொகமா இருக்க. வந்து பேசுவோம், வையி."

லேபுக்குத் திரும்பினேன். டெல்பின் அக்கா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பூட்டிருக்கோ?"

"ஆமாக்கா."

"வா, டீ குடிப்போம்."

குடித்தோம். டீ நன்றாக இருந்தது.

ஒன்பதாம் தேதி போனது. பதினாறாம் தேதி ஞாயிறும் வந்து போனது. திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வேலைக்குப் போனேன். பியூரெட்டின் திருகைத் திறக்க வலது மணிக்கட்டு கொஞ்சம் மறுத்தது. அன்றைய உப்பு நல்ல உப்பு.

பயணக் களைப்பில் பதினைந்தாம் தேதி கூடாத குழு, இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை மூணாறின் புத்துணர்ச்சியோடு கூடியது. என் கோப்பை எடுத்ததும் கிளைட்டன் சார் தேதியைப் பார்த்துவிட்டார்.

"பதினாறு போயிட்டுல்லா."

"சார், நான் ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"பதறாத," என்றார் அண்ணாச்சி. "ஒன் தப்பு இல்ல. மார்ச்சுலயும் பதினாறு இருக்கு. அழைப்பிதழ்ல மாசத்த மட்டும் ஒட்டி மாத்திக்கிடலாம்."

"அதில்ல அண்ணாச்சி..."

"நன்றி பிறகு சொல்லலாம் அம்மா," என்றார் தலைவர். "இதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. நம் சங்க வரலாற்றிலே வாகனத்துக்குக் காதணி விழா முன்பணம் இதுவே முதல் முறை. இதை ஒரு கையெழுத்தோடு முடித்துவிடலாமா? மார்ச் இரண்டாம் தேதி மகாசபை. அங்கே, மேடையிலே, உறுப்பினர்கள் முன்னிலையிலே வழங்குவோம்! குழந்தையையும் அழைத்து வா."

மூன்றாம் முறையும் வாயைத் திறந்தேன். அதில் ஒரு மக்ரூனைக் கொடுத்துவிட்டார்கள்.

மகாசபை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கடைசியில் பிரியாணியும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குச்சட்டியும் உண்டு. பேச்சு முடியாமல் இரண்டும் கிடையாது என்பதால் எல்லோரும் அக்கறையோடு கேட்டார்கள்.

வண்டியை மேடைக்குக் கீழே நிறுத்தச் சொன்னார்கள். முத்துமணி அண்ணன் பட்டு வேட்டியில் வந்து, மல்லிகை மாலையை ஹேண்டில்பாரில் போட்டார். தலைவர் சந்தனம் வைக்க வந்தார். முகப்பு விளக்கில் குறுக்கே நெடுக்கே டேப் ஒட்டியிருந்தது. பக்கக் கண்ணாடிகள் இல்லை.

"கண்ணாடி எங்கேம்மா?"

"கழட்டியிருக்கு சார்."

"விழாவுக்காகவா? நல்லது, நல்லது." டேப்பின் மேலேயே சந்தனம் வைத்தார்.

இசக்கியப்பன் அண்ணாச்சி மாலையைச் சரிசெய்யக் குனிந்தார். குனிந்தவர் எஞ்சினுக்கு அடியில் எதையோ பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் முதலில் முத்துமணி அண்ணனைப் பார்த்தார். முத்துமணி அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அண்ணாச்சி பிறகு என்னைப் பார்த்தார்.

"பிரியாணி ஆறுது," என்றார் மெதுவாக. "குடுக்கத வாசிச்சுட்டு எறங்கிரு. கேட்டியா?"

தலைவர் பேசினார்.

"சிக்கனம் என்றால் செலவு செய்யாமல் இருப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். அல்ல! மற்றவர்கள் செலவு செய்யாமல் பார்த்துக்கொள்வதே சிக்கனம். அதற்கு ஒரு சங்கம் தேவை. சங்கத்துக்கு ஒரு கட்டடம் தேவை. கட்டடத்துக்கு ஏ.சி. தேவை. இவை எதுவும் சும்மா வருவதில்லை. நீங்கள் சேமிப்பதால்தான் வருகிறது!"

கை தட்டினார்கள்.

"மூணாறு ஆய்வுப் பயணத்தை ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்குள் முடித்தோம். அங்கே நாங்கள் கண்டறிந்தது என்ன? தேயிலை பறிப்பவர்கள் செடியைப் பிடுங்குவதில்லை. இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று கிள்ளுகிறார்கள். செடிக்கு வலிப்பதே இல்லை. மறுபடி துளிர்க்கிறது. மறுபடி கிள்ளுகிறார்கள். உறுப்பினர்களை நாம் அணுக வேண்டிய முறை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்!"

இதற்கும் கை தட்டினார்கள். தூக்குச்சட்டிகள் மேடையின் ஓரத்தில் அடுக்கியிருந்தன.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். தெர்மாகோலில் கதவளவு பெரிய காசோலை ஒன்றைக் கிளைட்டன் சாரும் இன்னொருவரும் தூக்கிப் பிடித்தார்கள். இருபத்து நாலாயிரம். அதில் "விழுந்தால்" இரண்டாயிரமும் அடக்கம் என்று கிளைட்டன் சார் மைக்கில் அறிவித்தார்.

"உறுப்பினர் உறுதிமொழியை வாசிப்பார்," என்றார் தலைவர். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார்கள்.

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெல்மெட்டை நினைத்துக்கொண்டேன்.

தாளில் ஒரே வாக்கியம்: "மேற்படி காதணி விழா இனிமேல்தான் நடைபெறவுள்ளது என்று உளமார உறுதி கூறுகிறேன்." பத்து விநாடி வேலை. வாசித்தால் இருபத்து நாலாயிரம் என் கைக்கு வரும். ஜூன் மாதம் இன்னொரு ட்ராக் டே இருக்கிறது, அதற்கு அப்படியே ஆகும். வாசிக்காவிட்டால் உட்பிரிவு மூன்று. மூன்று வருடம். முதல் வரிசையில் அண்ணாச்சி 'வாசி, வாசி' என்று உதட்டை அசைத்தார். அவர் பின்னால் டெல்பின் அக்கா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லேபில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாம்பிளில் பார்க்காத எண்ணுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

"மேற்படி காதணி விழா," என்று வாசித்தேன். ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதற்கு மேல் தாளைப் பார்க்கவில்லை.

"சத்தமா வாசிளா," என்றார் அண்ணாச்சி.

சத்தமாகவே சொன்னேன்.

"விழா முடிஞ்சுட்டு அண்ணாச்சி. நீங்க மூணாறு போயிருந்தப்பவே டெல்பின் அக்கா சீட்ட எடுத்துப் பணம் கட்டிட்டேன். பதினாறாந்தேதி கோயம்புத்தூர் போயி நூறு நிமிசமும் ஓட்டிட்டு வந்துட்டேன். விழல."